அறுபத்தொன்றாம் நாளின் செய்தி: சுதந்திர ஊடகத்துக்கு எதைக் கொடுக்க வேண்டும்?

வன்கொடுமை பற்றிய செய்தி நாளிதழில் வந்த அன்றே முடிந்துவிடுவதில்லை. வழக்கு எந்தப் பிரிவில் பதிவானது, குற்றப்பத்திரிகை எப்போது தாக்கலாகும் என்று தொடர்ந்து கேட்பவர் இருந்தால்தான் அது நீதியை நோக்கி நகரும். அப்படிக் கேட்பவரை உருவாக்குவதும் அவர் தொழிலில் நிலைக்க வழிசெய்வதுமே சுதந்திர ஊடகத்துக்கான ஆதரவு என்கிறோம்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த வட்டாரம் இது. நிலம், தூசி, கூலி, குடிநீர், சுடுகாட்டுப் பாதை என ஒவ்வொன்றும் செய்திதான். ஆனால் தமிழகத்தில் வட்ட அளவில் பணியாற்றும் நிருபர்கள் பலருக்கு நிலையான சம்பளம் இல்லை. அனுப்பும் செய்திக்குச் சிறு தொகையும் பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷனுமே வருமானம். விளம்பரம் தருபவரைப் பகைத்து எழுத இந்த ஏற்பாடு இடம் கொடாது. சேரிகள் விளம்பரம் தருவதில்லை.

மேல்மட்டத்திலும் நிலை வேறல்ல. ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்து ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித்துகளும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை.

இதே அரியலூர் மாவட்டத்தின் பொன்பரப்பியில், 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. கைபேசிக் காட்சிகள் பரவிய பின்பே பலர் அக்கொடுமையின் அளவை உணர்ந்தனர். காட்சி அதிர்ச்சியைத் தரும். அடுத்த கேள்வியைக் கேட்கப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி என்ன? வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 7ஆவது விதியின்படி, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இதை அறிந்த நிருபர் 61ஆம் நாள் சிறப்பு நீதிமன்றத்தின் வாசலில் நிற்பார். அறியாதவர் முதல் நாளோடு விட்டுவிடுவார். முதல் தகவல் அறிக்கையை வாசிப்பதும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவதும், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பதும் இப்பயிற்சியின் பாடங்களே.

இது சாத்தியம் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் ‘கபர் லஹரியா’ சான்று. 2002இல் சித்ரகூடில் தொடங்கிய அவ்விதழில் பெரும்பாலும் தலித் பெண்களே நிருபர்கள். உள்ளூர் மொழியான புந்தேலியில் எழுதினார்கள். பின்னர் கேமராவையும் கையில் எடுத்தார்கள்.

ஆனால் பயிற்சி மட்டும் போதாது, பணமும் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கக் கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் உதவினார். எனினும் 1923இல் அவ்விதழ் நின்றுபோனது. தொடக்க உதவி இதழைப் பிறப்பிக்கும். தொடர்ந்து வாழவைப்பது வாசகரின் சந்தா. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ அவர் மறைவுக்குப் பின்னும், சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்ததை நினைவில் கொள்வோம்.

வளரும் நாடுகள் பலவற்றில் சுதந்திர ஊடகங்கள் வெளிநாட்டு அறக்கட்டளைகளின் உதவியைப் பெறுகின்றன. இந்தியாவிலோ 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் செய்தி நிறுவனங்களுக்கு அவ்வழியைப் பெரிதும் அடைத்துள்ளது. ஆகவே பொறுப்பு நம்முடையது.

செய்ய வேண்டியவை மூன்று. இயக்கங்கள் தம் பகுதியில் ஒரு நிருபருக்கேனும் மாத ஊதியத்தை உறுதி செய்யட்டும்; அதே வேளை, தம்மையும் விமர்சிக்கும் உரிமையை அவருக்கு வழங்கட்டும். வழக்கறிஞர்கள் பயிற்சியும், மிரட்டல் வரும்போது சட்டத் துணையும் தரட்டும். மாணவர்கள் தம் ஊரின் ஒரே ஒரு வழக்கைத் தேர்ந்து, தீர்ப்பு வரை பின்தொடரட்டும். அறுபத்தொன்றாம் நாள் கேள்வி கேட்க ஆள் வருவார் என்று தெரிந்தால், அறுபது நாட்களும் வேறு விதமாகக் கழியும்.