நாய்க்கு வயிறு உப்பினால் எண்ணெய் புகட்டலாகாது

தோட்டக் காவலுக்கு வளர்க்கும் இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு உப்பினால், மாட்டுக்குச் செய்வதுபோல் எண்ணெய் புகட்டுவது ஆபத்து. இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொண்டால் அதன் இரு வாயும் அடைபடும். புகட்டியது உள்ளே இறங்காது. நுரையீரலுக்குள் புகுந்துவிடவும் கூடும்.

நோய்கண்ட நாய் நிலைகொள்ளாமல் அலையும், எச்சில் வடியும், குமட்டும், ஆனால் வாந்தி வராது. விலாவுக்குப் பின்னால் வயிறு புடைத்து, தட்டினால் மத்தளம் போல் ஒலிக்கும். ஈறு வெளுத்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அறியலாம்.

சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எனவே விடியட்டும் என்று காத்திராமல், அறுவை வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். அங்கு காற்றை வெளியேற்றி, சலைன் ஏற்றி, முறுக்கை நீக்கி, இரைப்பையை வயிற்றுச் சுவருடன் தைப்பார்கள்.

தீனியை ஒரே வேளையாகப் போடாமல் இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், தின்றவுடன் ஓடவிடாதிருப்பதும் நல்லது.