தலையில் வெளிச்சம், பிடரியில் பேட்டரி

ஒளிரும் தொப்பி செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் விளக்கைத்தான் வாங்குகிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்இடி, செப்புக் கம்பியில் கோத்த சீரியல் லைட் என்று பை நிறைந்துவிடும். அட்டையை வெட்டி, ஒட்டி, ஜிகினா தூவி முடித்த பிறகுதான் பேட்டரியை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். பள்ளி ஆண்டு விழாவுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. அந்த நேரத்தில் கைக்கு அகப்படும் ஒரே விடை செல்லோடேப்.

தலையில் விளக்கு ஏற்றிய எல்லோருக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. 1882 நவம்பர் 25 அன்று லண்டன் சவாய் அரங்கில் கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதிய ‘அயோலாந்தி’ இசை நாடகம் அரங்கேறியது. தேவதைகளாக வந்த முக்கிய நடிகைகளின் தலையலங்காரத்தில் குட்டிக் குட்டி மின்விளக்குகள் எரிந்தன. கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் விளக்குகள் அவை. பார்த்தவர்கள் தலையை மட்டும் பார்த்து வாய்பிளந்தார்கள். பாரம் என்னவோ முதுகுப் பக்கம். உடைக்குள் ஒளித்துக் கட்டிய மின்கலத்தைச் சுமந்துகொண்டுதான் அந்தத் தேவதைகள் ஆடிப் பாடினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு நடிகை தலையில் விளக்கைச் சூடிக்கொள்ளச் சம்மதித்ததே பெரிய விஷயம். மேடை விளக்கு என்றால் காஸ், காஸ் என்றால் நெருப்பு. பாரிஸ் ஓபராவின் இளம் பாலே நடனமணி எம்மா லிவ்ரியின் மெல்லிய பாவாடை 1862இல் ஓர் ஒத்திகையின்போது காஸ் விளக்கில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். இந்தப் பயம் ரசிகர்களுக்கும் இருந்தது. அதனால்தான் 1881 டிசம்பரில் சவாய் அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் தானே மேடையேறி, எரிந்துகொண்டிருந்த மின்விளக்கை மஸ்லின் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். விளக்கு அணைந்தது, துணி கருகவில்லை. அந்தச் செய்முறை விளக்கம் இல்லாமல் அடுத்த ஆண்டின் ஒளிரும் தேவதைகளும் வந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் எடிசனின் ஆட்கள் வேறு வழி கண்டார்கள். 1884 அக்டோபர் 31, அதிபர் தேர்தல் நேரம். தீப்பந்த ஊர்வலம் ஒன்றில் சில நூறு பேர் தலைக்கவசத்தில் மின்விளக்கு எரிய அணிவகுத்தார்கள். மின்சாரத்தை யாரும் சுமக்கவில்லை. நீராவி எந்திரமும் டைனமோவும் குதிரை வண்டியில் கூடவே வந்தன. அங்கிருந்து புறப்பட்ட கம்பி ஒவ்வொருவர் உடைக்குள்ளும் ஓடித் தலைக்கு ஏறியது. சுமை தீர்ந்தது, ஆனால் வரிசையை விட்டு ஓர் அடி விலக முடியாது. வட இந்தியக் கல்யாண ஊர்வலங்களில் அலங்கார விளக்கைத் தலையில் தாங்கி நடப்பவர்களும், அவர்களைக் கோத்துச் செல்லும் ஒயரும், பின்னால் வண்டியில் உறுமிக்கொண்டு வரும் ஜெனரேட்டரும் இதே ஏற்பாடுதான். நம் ஊர்த் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸைத் தலையில் தூக்கியவர்கள் மட்டுமே சுதந்திரமாக நடந்தார்கள். அவர்களுக்கு எரிபொருளும் தலைமேலேயே இருந்தது, மேண்டிலைப் பற்றிய கவலையும் சேர்த்து.

இன்றைக்கு நமக்கு வேலை எவ்வளவோ எளிது. கால்குலேட்டரில், கார் சாவியில் இருக்கும் வட்டமான சிஆர் 2032 பேட்டரியின் எடை சுமார் 3 கிராம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அல்கலைன் பேட்டரி ஒன்று 23 கிராம் வாக்கில். 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் என்றால் 200 கிராமைத் தொடும். ஒன்றிரண்டு எல்இடி போதும் என்றால் வட்ட பேட்டரி சரி. அதற்குமேல் அதை நம்பாதீர்கள். அதில் இருப்பதே 220 மில்லி ஆம்பியர் மணிதான், பத்து விளக்கை மாட்டினால் நாடகம் முடிவதற்குள் மங்கிவிடும். என் கட்சி மூன்று ஏஏ பேட்டரி போடும் பிளாஸ்டிக் பெட்டிதான். சென்னையில் ரிச்சி தெருவில் சுவிட்சோடு சேர்ந்தே கிடைக்கும். அதைத் தொப்பியின் உச்சியில் ஒருபோதும் வைக்கக் கூடாது. கூம்புத் தொப்பியின் நுனியில் 70 கிராம் இருந்தால், குழந்தை குனிந்து வணக்கம் சொல்லும்போது தொப்பி முதலில் வணங்கிவிடும். பின்பக்கம், பிடரியை ஒட்டிய விளிம்பில் சின்னத் துணிப்பை தைத்து அதற்குள் வையுங்கள். முன்புறத்து அலங்காரத்துக்கு அதுவே எதிர் எடையாகவும் ஆகும்.

பேட்டரியின் இடம் முடிவானால் மற்றது தானாக வரும். ஆறேழு வயதுக் குழந்தைக்குத் தலைச்சுற்று 52 செ.மீ. வாக்கில் இருக்கும், அளந்தே வெட்டுங்கள். சார்ட் அட்டையைவிட ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் ஃபோம் ஷீட் மேல். வியர்வையில் ஊறாது, வளைத்தால் மடிப்பு விழாது. இரண்டு அடுக்காக எடுத்து, நடுவில் ஒயரை ஓடவிட்டு ஒட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. பின்னால் வெல்க்ரோ. உள்ளே ஒரு பருத்தித் துணி, தலைக்கும் ஒயருக்கும் நடுவே.

ஒயர் அறுவது எப்போதும் பேட்டரிப் பெட்டியின் வாசலில்தான். அங்கே ஒரு முடிச்சுப் போட்டு, கொஞ்சம் தளர்வாக விட்டுத் தைத்துவிட்டால் இழுவை சால்டரிங் மேல் விழாது.

சிவப்பையும் வெள்ளையையும் ஒரே வட்ட பேட்டரியில் பக்கத்தில் பக்கத்தில் இணைத்துவிட்டு, வெள்ளை எரியவில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று புலம்புகிறவர்கள் உண்டு. கடைக்காரர் பாவம். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிவப்பு முந்திக்கொண்டு மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும். மூன்று ஏஏ தரும் 4.5 வோல்ட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ரெசிஸ்டர், வெள்ளைக்கு 100 ஓம், சிவப்புக்கு 150 ஓம் போட்டால் சண்டை தீர்ந்துவிடும். இத்தனைக்கும் வெள்ளை எல்இடி என்பதே பெரும்பாலும் மஞ்சள் பாஸ்பர் பூசிய நீல எல்இடிதான். அந்த நீலத்தை வசப்படுத்தியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஐந்து ரூபாய்க்குள் கிடைக்கும் பொருளுக்குள் நோபல் பரிசு உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு விளக்கும் தனக்குள் ஒரு சிப்போடு நிறம் மாற்றும் டபிள்யூஎஸ் 2812 வகைப் பட்டைகளில் ஆசை வருவது இயற்கை. முழு வெளிச்சத்தில் வெள்ளையாக எரிந்தால் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். முப்பது விளக்குக்கு 1.8 ஆம்பியர். மறுபடியும் பவர் பேங்க், மறுபடியும் கழுத்து வலி. வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து வைத்தாலும் இருட்டில் அழகாகத்தான் இருக்கும். மின்சாரத்தை இரட்டிப்பாக்கினாலும் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியாது.

வெளிச்சத்தைக் கூட்டுவதைவிடப் பரப்புவதில் செலவழியுங்கள். சாதாரண எல்இடி நேர் முன்னே மட்டும் பாய்ச்சும். பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு புள்ளி தெரியும், அவ்வளவே. எல்இடியின் தலையை உப்புக் காகிதத்தில் தேய்த்தால் ஒளி மெத்தென்று பரவும். பட்டர் பேப்பரோ நெட் துணியோ மேலே போர்த்தலாம். பிங்பாங் பந்தில் துளையிட்டு விளக்கை உள்ளே செருகினால், பந்து முழுக்க நிலவாகிவிடும். கிரீடத்தின் ஐந்து முனைகளுக்கு ஐந்து பந்து, வேறெதுவும் வேண்டாம்.

சில விஷயங்களில் விளையாட்டு கூடாது. வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். ஆகவே திருகாணி போட்ட மூடி இல்லாத பெட்டி வேண்டாம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குளூ கன் பெரியவர் கையில் இருக்கட்டும். வீட்டு மின்சாரத்தில் எரியும் சீரியல் செட்டைத் தலையில் கட்டும் யோசனையே வரக் கூடாது. படபடவென்று மினுக்குவதையும் தவிர்க்கலாம். விநாடிக்கு மூன்றுக்கு மேல் மின்னும் ஒளி, வலிப்பு வரும் தன்மை உள்ள சிலரைப் பாதிக்கும். அரங்கில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

இத்தனையும் செய்து முடித்து மேடையேற்றினால், அங்கே பளீரென்ற ஃபோகஸ் விளக்குகள் நம் ஐந்து நிலவுகளையும் விழுங்கிவிடும். இதைப் பெற்றோர் யோசிப்பதே இல்லை. விழாவுக்கு முன்பே மைக் செட், லைட் செட்காரரைப் பார்த்து, குழந்தை வரும்போது மேடையைப் பத்து விநாடி இருட்டாக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தயங்காமல் செய்து தருவார்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கும் காட்டிவிடுங்கள், பிடரியில் கையை வைத்துத் தடவிப் பார்த்தே போடப் பழக்கி.