தாத்தான்னு கூப்பிட்டா அப்பா திரும்புவார்... தெரியுமா?

வேப்பந்தட்டைக் கடைத்தெருவில் நின்று "தாத்தா!" என்று ஒரு குரல் கொடுங்கள். நரைத்த தலைகள்தான் திரும்பும். அதே குரலை இலங்கையில் அனுராதபுரத்துக் கடைத்தெருவில் கொடுத்தால்? இளவட்ட அப்பாக்களும் திரும்புவார்கள்! சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா!

அங்கேயே நின்றுவிடவில்லை! போலந்துக் குழந்தைக்கும் 'தாத்தா' அப்பாதான். காங்கோவின் லிங்காலா மொழியிலும் அப்பாதான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் அய்மாரா பேசும் மக்களுக்கும் அப்பாதான்! நெல்சன் மண்டேலாவை அவர் நாட்டு மக்கள் பாசத்தோடு எப்படி அழைத்தார்கள், தெரியுமா? 'தாத்தா'! அவர் வயதைப் பார்த்து அல்ல. அவருடைய தாய்மொழியான ஹோசாவில் அதற்குத் தந்தை என்று பொருள்!

'மாமா' கதை இன்னும் வேடிக்கை! நமக்கு அம்மாவின் அண்ணனோ தம்பியோ. ரஷ்யக் குழந்தைக்கு அம்மாவே 'மாமா'! ஜார்ஜியாவில்? நம்புங்கள், அப்பா! அங்கே அம்மாவுக்குப் பெயர் 'தெதா'.

அவ்வளவு தூரம் எதற்கு? மங்களூர் பக்கம் துளு பேசுகிறார்களே, நம் மொழிக்குச் சொந்தக்கார மொழி! அதில் 'அம்மெ' என்றால் அப்பா, 'அப்பெ' என்றால் அம்மா! தலைகீழ்! ஆனால் எங்கோ இருக்கும் கொரியாவில் 'அப்பா' அப்பாவேதான்!

ஜப்பானில் அம்மாவைக் குறிக்கும் சொல் 'ஹஹ'. அப்பாவுக்கு? 'சிச்சி'! நம் ஊரில் அப்பாவைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள்!

ஏன் இப்படி? ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர் 1960-இல் வெளியான கட்டுரையில் இதை ஆராய்ந்தார். உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 அம்மா, அப்பா சொற்கள்! அம்மா சொற்களில் 55 சதவீதம் ம, ந போன்ற மூக்கொலிகள்! அப்பா சொற்களில் வெறும் 15! பால் குடிக்கும் பிள்ளை மூக்கால் முனகுகிறதே, அந்த 'ம்ம்'தான் மூலம் என்றார் அவர்! மழலை வாய்க்கு முதலில் வருவது ம, ப, த. அதைப் பிடித்து அம்மாவுக்கா, அப்பாவுக்கா, தாத்தாவுக்கா என்று பங்கு வைத்தது பெரியவர்கள்!

இன்னும் ஒன்று! தமிழ்நாட்டின் பல ஊர்களில் 'ஆயா' என்றால் பாட்டி. அது தமிழ்ச் சொல். அங்கன்வாடி ஆயா? அவர் வேறு வழி! போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்த சொல் அது. அவர்கள் மொழியில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண். அதற்கும் மூலமான லத்தீன் சொல் 'அவியா'. அதன் பொருள் என்ன தெரியுமா? பாட்டி!