முளையில் ஒளிந்திருக்கும் இனிப்பு

பனையும் தென்னையும் சுரக்கும் நீரில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. முட்டியிலுள்ள மதுவம் அதனைச் சில மணி நேரத்திற் கள்ளாக்கிவிடும். தானியத்திலோ மாப்பொருளே மிகுதி. மதுவம் அதனை நேரே உண்ணமாட்டாது. அங்ஙனமாயின் வாற்கோதுமையிலிருந்து பியர் பிறப்பது எவ்வாறு?

விடை முளையில் இருக்கின்றது. விதை முளைக்கும்போது, மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியம் அதனுள் பெருகுகின்றது. 1833இல் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். முளைத்த வாற்கோதுமையை உலர்த்தி, உடைத்து, ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் நீர் இனிக்கும். அதனை வடித்து, ஹொப்ஸ் மலருடன் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் சேர்ப்பர்.

நொதித்தலுக்குக் குளிர்ச்சி வேண்டும். 20 பாகைக்கு மேல் வெகுவாக ஏறினாற் சுவை கெடும். கொள்ளுப்பிட்டியிலோ பகல் வெப்பம் 30 பாகையை எட்டும். 1881இல் பியர்த் தொழில் நுவரெலியாவில் வேரூன்றியதில் வியப்பில்லை அன்றோ! குளிரூட்டும் பொறிகளின் துணையால் பிற்காலத்தில் அது பியகமவுக்கு இறங்கி வந்தது.

அனுமதிப்பத்திரமின்றி வீட்டில் மது ஆக்குவதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும் அதே விந்தையை அடுப்படியிற் காணலாம். கட்டியான குரக்கன் கூழ் கை பொறுக்காத சூட்டில் இருக்கையில், முளைகட்டி உலர்த்தி அரைத்த குரக்கன் மா ஒரு தேக்கரண்டி கலந்து பாருங்கள். சிறிது நேரத்திற் கூழ் இளகி, மெல்ல இனிக்கும்.

தாய்மார் இதனைக் கருத்திற் கொள்க. குழந்தையின் சிறு வயிற்றுக்குக் கூழை நீரூற்றி இளக்கினாற் சத்துக் குறையும். முளைமாவால் இளக்கினாற் குறையாது. மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்து, ஆறியபின் ஊட்டுக.