சங்கத்தின் சரக்கும் இணையத்தில் காட்டும் படமும்

கைத்தறித் துணி வாங்க வருபவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. துணியின் ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். குறிஞ்சிப்பாடிக் கைலியானாலும் காஞ்சிபுரத்துச் சேலையானாலும் வியாபாரத்தில் பாதி அந்த விரல்களிலேயே முடிந்துவிடுகிறது. இணையத்தின் வழியே வாங்குபவருக்கோ இவ்வசதி இல்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, கைப்பேசியில் தெரியும் படத்தை மட்டும் நம்பிப் பணம் செலுத்த வேண்டியவராக இருக்கிறார். ஆகவே விரல் செய்த வேலையைப் படம் செய்தாக வேண்டும். செய்யாதவிடத்து, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவருடைய பளபளப்பான படமே வெல்லும். குறிப்பிட்ட வகை லுங்கிகள் உட்பட 11 வகைப் பொருள்களை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறது. எனினும் கைப்பேசியில் படம் பார்த்து வாங்குபவருக்கு அச்சட்டம் உடனிருந்து எடுத்துச் சொல்லப் போவதில்லை.

தணிக்கைக்குச் செல்லும்போது சங்கங்களின் இணையப் பக்கங்களையும் திறந்து பார்ப்பது என் வழக்கம். பலவற்றில் காண்பவை திறப்பு விழா, குத்துவிளக்கு, பொன்னாடை ஆகியனவே. அந்தப் பொன்னாடை கைத்தறியா என்பதைக்கூடப் படத்திலிருந்து அறிய முடிவதில்லை! தறியும் துணியும் எங்கோ அடியில், பெயரும் விலையும் இன்றிக் கிடக்கின்றன. பார்ப்பவர் அதுவரை இறங்கி வருவார் என்று எதிர்பார்ப்பது பேராசை.

படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்லும் கலை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. சிதம்பரம் நடராசர் ஆலயத்தின் கிழக்குக் கோபுர வாயிலில் நுழைபவர், இரு மருங்கிலும் 108 கரணங்களைச் சிற்பமாகக் காண்கிறார். பரதரின் நாட்டிய சாத்திரத்திலுள்ள சுலோகங்களும் அவற்றோடு பொறிக்கப்பட்டுள்ளன. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை ஒரு கணத்தில் நிறுத்திக் காட்டுகிறது கல். அது இன்னது என்று சொல்கிறது எழுத்து. பார்ப்பவரோ தம் கால் நடைக்கேற்ப ஒவ்வொன்றாகக் கடந்து செல்கிறார். நிற்க விரும்பினால் நிற்கலாம். இணையத்தில் விரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டு போவதும் இத்தகைய நடையே. இந்த நடைக்கு இடம் வைத்து அமைத்த பக்கம் படிக்கப்படும். பார்ப்பவரின் அனுமதியின்றித் தானே அலறத் தொடங்கும் வீடியோவை வைத்த பக்கம் உடனே மூடப்படும்.

இதற்கு இக்காலத்து முன்மாதிரி ஒன்றைக் கூறலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக மக்கள் ஆவணக் களஞ்சியத்தில், கிராமப் பெண்களின் உழைப்பைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி ஒன்று இணையத்தில் இடம்பெற்றுள்ளது. 1993-க்கும் 2002-க்கும் இடையே 10 மாநிலங்களில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. ஒவ்வொரு பகுதிக்கும் அவரே விளக்கம் கூறும் சிறு வீடியோவும், எழுத்தும், அசையாப் படங்களும் உள்ளன. கேட்க விரும்புவோர் கேட்கலாம். வாசிக்க விரும்புவோர் வாசிக்கலாம். வேலையே கண்ணுக்குத் தெரிகிறது, அதைச் செய்யும் பெண் தெரிவதில்லை என்பது அக்கண்காட்சியின் கருத்து.

இது நெசவாளர் குடும்பங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், நெய்தவரின் பெயரும் புகைப்படமும் தாங்கிய அட்டையைச் சேலையோடு இணைத்து விற்றது. வாங்குபவர்கள் அதைப் பெரிதும் விரும்பினர். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் தறியில் அமர்ந்தவர் ஒருவர் என்றால், தார் சுற்றியவரும் பாவு பிணைத்தவரும் வேறு. நமது பதிவேட்டில் அங்கத்தினர் பெயர் ஒன்றுதான் இருக்கும். படத்திலாவது மற்றவர்கள் இருக்கட்டும்.

ஒரு கைலியை எடுத்துக்கொள்வோம். சாயம் தோய்த்த நூல், தார் சுற்றும் கை, தெருவில் நீட்டிய பாவு, தறி, முடிந்த துணி என ஐந்து படங்கள் போதும். தறியை மட்டும் வீடியோவாக எடுக்கலாம். ஏனெனில் நாடா ஓடும் ஓசையை எந்தப் புகைப்படமும் தராது. அரை நிமிடத்துக்கு மேல் வேண்டா. பின்னணியில் சினிமாப் பாட்டைச் சேர்ப்பதை நான் ஒப்பவில்லை. தறியின் ஓசையே அத்தாட்சி. முடிந்த துணியின் கரையை அருகிலிருந்து எடுக்க வேண்டும். நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்கும் குச்சியின் முனை பதிந்த நுண்ணிய துளைகள் அங்கே தெரியும். விவரமறிந்தவர் தேடுவது அதைத்தான். படத்தின் கீழ் நூலின் எண், நீளம், அகலம், விலை, நெய்ய ஆன நாள் ஆகியவற்றை எழுதுக.

நிறத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. உச்சி வெயிலில் எடுத்தால் நிறம் வெளிறும். குழல்விளக்கில் வேறு சாயல் ஏறும். காலையில், வாயிற்படி நிழலில் எடுப்பது நலம். கைப்பேசியிலுள்ள கருவிகளைக் கொண்டு நிறத்தைப் பளிச்சென்று ஏற்றினால் துணி விற்கும். அடுத்த வாரம் திரும்பியும் வரும். போக வர அஞ்சல் செலவு சங்கத்தின் தலையில்.

மற்றொன்று படத்தின் கனம். கைப்பேசியில் எடுத்த படம் 3, 4 மெகாபைட் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் இணைப்புக் குறைந்த இடங்களில் பக்கம் திறப்பதற்குள் வாங்குபவர் போய்விடுவார். 1,200 புள்ளி அகலத்துக்குக் குறைத்தால் 200, 300 கிலோபைட்டில் அடங்கும். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. பார்வையற்றோரின் கைப்பேசி படித்துக் காட்டும்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் சேர்ப்பதும் கடினமன்று.

பண்ருட்டிப் பலா விளைவிப்போருக்கும் இவை பொருந்தும். முழுப் பழத்தின் முள்ளை மட்டும் காட்டிப் பயனில்லை. பிளந்த பழத்தின் சுளையைக் காட்டுக. பக்கத்தில் தராசும் எடையும் தெரியட்டும். மரத்தில் காய்த்த நாளிலிருந்தே வாரம் ஒரு படம் எடுத்து வைத்தால், பழம் பறிக்கும் முன்பே அதற்காகக் காத்திருப்போர் சிலர் சேர்வர்.

படம் எடுக்குமுன் அவரவர் சம்மதம் பெறுதல் அவசியம். முகம் காட்ட விரும்பாதவரின் கைகளை எடுத்தால் போதும். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியிட வேண்டா. இதற்கென்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, படத்தின் எண், எடுத்த தேதி, படத்திலுள்ளவர் பெயர், சம்மதக் கையொப்பம், சரக்கு இருப்பு எண் ஆகிய கலங்களோடு ஒரு பதிவேடு திறக்கலாம். விற்றுப்போன சரக்கின் படத்தை அன்றே நீக்குவதற்கும் அது உதவும். அத்தகைய பதிவேட்டைக் கண்டு தணிக்கையில் எவரும் ஆட்சேபம் எழுதப் போவதில்லை.