களரிக்குப் பின்னால் ஓர் இங்கிலிஷ் வகுப்பு

வாங்கோ, வாங்கோ! சத்தம் போடாமல் இந்தப் படங்குக்குப் பின்னால் வாங்கோ! முன்னால் சிலப்பதிகாரக் கதையை ஆடுகிற கோவலன் கூத்து, முல்லைத்தீவின் பெருமை. இங்கே மீசை மழித்த கண்ணகி சேலைக் கொய்யகத்தைச் சரிசெய்கிறார். பாண்டியன் முடியை மடியில் வைத்துவிட்டுப் பிளேன்ரீ குடிக்கிறார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து பாடமாக்குகிற உத்திகள் எல்லாம் இந்தக் கூத்துக் களரியில் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன!

வரவுப் பாட்டைக் கவனியுங்கோ. கோவலன் தன்னை 'நான்' என்று சொல்லமாட்டார்; கோவலன் வருகிறான் என்றே பாட்டு போகும். ஆங்கிலத்தில் இதன் பெயர் இல்லியிசம். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரும் தன்னையே 'சீசர்' என்பார். அது அதிகாரத்தின் மிடுக்கு. கூத்திலோ இந்த உத்தி ஒரு தேவை: அறிவிப்பாளர் இல்லாத இரவில், வந்தது ஆரென்று சுற்றியிருக்கிற சனத்துக்குப் பாட்டுத்தான் சொல்லவேண்டும்.

அங்கே ஓரத்தில் நிற்பவர்கள் பிற்பாட்டுக்காரர். ஆடுபவர் பாடிய அடியை அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். ஆங்கிலப் புத்தகம் திரும்பி வரும் அடியை ரிஃப்ரெயின் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உள்ளே வந்து பார்த்தால்தான் சூட்சுமம் தெரியும்: பாட்டு கடைசி வரிசைக்கும் கேட்கும், ஆடுபவருக்கு மூச்சுவாங்க நேரமும் கிடைக்கும். ஒலிபெருக்கிக்கு முந்திய காலத்தின் கெட்டித்தனம்!

அனாபோராவா? 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவை ஒரே தொடக்கத்தால் மீண்டும் மீண்டும் சொன்னதை எல்லா ஆங்கில ஆசிரியர்களும் காட்டுவார்கள். சிலப்பதிகாரக் கண்ணகி மதுரைத் தெருவில் பெண்கள் உண்டா, சான்றோர் உண்டா, தெய்வம் உண்டா என்று ஒவ்வொன்றாக எடுத்து, அடியின் தொடக்கத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டு ஊரை அறைகிறாளே, அதையும் காட்டவேண்டாமா? அதற்கு முன் சூரியனையே கூப்பிட்டு, என் கணவன் கள்வனா என்கிறாள். இது அப்பாஸ்ட்ரஃபி. ஆங்கிலக் கவிதையில் கூப்பிட்ட பொருள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். இங்கே சூரியன் பதில் சொல்கிறது!

எனக்கு நெஞ்சு படபடப்பது டிரமாட்டிக் ஐரனியில்தான். பாத்திரத்துக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் முன்னுரையே இருவரின் சாவையும் சொல்லிவிடும். கோவலன் கூத்துச் சனத்துக்கு முன்னுரையே வேண்டாம். மதுரையை எரித்த கண்ணகி நந்திக்கடலோரம் வற்றாப்பளைக்கு வந்து இருந்தாள் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிற அந்தக் கோயிலுக்கு அள்ளுப்பட்டுப் போகிற சனம் அல்லவா இது! கதையின் முடிவு மட்டுமல்ல, முடிவுக்குப் பிறகு நடந்ததும் அவர்களுக்குத் தெரியும். வஞ்சகத் தட்டான் கையில் கோவலன் சிலம்பைக் கொடுக்கிறபோது களரியில் நடப்பது அறியாதவர் கோவலன் ஒருவர்தான்.