கூரையைப் பிய்த்துப் போப்பைத் தேர்ந்தெடுத்த ஊர் எது தெரியுமா?

இத்தாலியில் விதெர்போ என்றொரு ஊர். 1268 நவம்பரில் போப் நான்காம் கிளமென்ட் அங்கே காலமானார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடினார்கள். கூடினார்கள்... கூடிக்கொண்டே இருந்தார்கள்! பிரெஞ்சுக் கட்சி ஒரு பக்கம், இத்தாலியக் கட்சி ஒரு பக்கம். ஒரு வருஷம் போனது, இன்னொன்றும் போனது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள் அவர்களை அரண்மனைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாப்பாட்டைக் குறைத்தார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும் கூரையையே பிரித்துவிட்டார்கள்! கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. கூரையில்லாத அரண்மனையிலிருந்து எழுதுவதாகக் கர்தினால்களே குறிப்பிட்ட 1270ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று இருக்கிறது.

கடைசியில் 1271 செப்டம்பரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கர்தினால் இல்லை. குருப்பட்டமே பெறாதவர்! ஆளும் ஊரில் இல்லை. சிலுவைப் போருக்காகக் கடல் தாண்டி ஆக்கர் (Acre) நகரில் இருந்தார். அவர்தான் பத்தாம் கிரகோரி. திருச்சபை பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. 1274இல் லியோன் சங்கத்தில் சட்டமே போட்டார்: கர்தினால்களை ஒரே இடத்தில் அடைத்துவை, மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம், இன்னும் ஐந்து நாள் இழுத்தால் ரொட்டி, தண்ணீர், கொஞ்சம் திராட்சரசம், அவ்வளவுதான். பலன்? 1276இல் அடுத்த போப் ஒரே நாளில் தேர்வானார்! வயிறு காய்ந்தால் ஞானம் பிறக்கும் போலிருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் நல்ல கதை. அதே ஆண்டே அந்தச் சட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். விளைவாக 1292இலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் போப்பே இல்லை. கடைசியில் மலைக்குகையில் தவம் கிடந்த முதிய துறவி ஒருவரைப் பிடித்து ஐந்தாம் செலஸ்தீன் ஆக்கினார்கள். பட்டம் ஏற்கக் கழுதை மேல் வந்தவர் அவர். பழைய சட்டத்தை மறுபடி உயிர்ப்பித்தார். ஐந்தே மாதத்தில் எனக்கு இது வேண்டாம் என்று ராஜினாமாவும் செய்துவிட்டார்!

கிறிஸ்தவ உலகத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு விதியையும் கிளறிப் பாருங்கள். அடியில் யாரோ ஒருவர் மேல் அவநம்பிக்கை இருக்கும். சில சமயம் கூட்டத்தின் மேல், சில சமயம் ராஜாவின் மேல், பெரும்பாலும் பதவிக்குப் பறக்கும் நம்மவர்கள் மேலேயே!

ஞானஸ்நானமே பெறாதவர் ஆயராகியிருக்கிறார், தெரியுமா? 374, மிலான் நகரம். ஆயர் இறந்துபோக, இரண்டு கோஷ்டிகள் ஆலயத்துக்குள்ளேயே மோதும் நிலை. சமாதானம் செய்ய வந்த ஆளுநர் அம்புரோஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே, அம்புரோஸே ஆயர் என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டதாம். கூட்டம் முழுக்கப் பிடித்துக்கொண்டது! மனிதர் ஓடி ஒளிந்து பார்த்தார், விடவில்லை. ஞானஸ்நானம் கொடுத்து, எட்டாம் நாள் ஆயர் பட்டமும் சூட்டிவிட்டார்கள். பின்னாளில் பேரரசர் தியோடோசியஸையே பகிரங்கமாகத் தவம் செய்ய வைத்தவர் இவர்தான். வேண்டாம் என்று ஓடுபவரைத் துரத்திப் பிடித்தால் நல்லவர் கிடைப்பார் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். (ஓடுவதுபோல நடித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.)

ஆனால் கூட்டத்தின் கூச்சல் எல்லா ஊரிலும் அம்புரோஸைத் தரவில்லை. ரோமில் செல்வாக்குள்ள குடும்பங்களும் பேரரசர்களும் போப் பதவியைப் பந்தாடினார்கள். அதனால்தான் 1059இல் தேர்ந்தெடுக்கும் உரிமை கர்தினால்களின் கைக்குப் போனது. ராஜாக்கள் சும்மா விட்டார்களா? 1903இல்கூட, முன்னணியில் இருந்த கர்தினால் ரம்போல்லாவை ஆஸ்திரியப் பேரரசர் ஏற்கமாட்டார் என்று கிராக்கோவ் கர்தினால் எழுந்து அறிவித்தார்! அந்தத் தேர்தலில் வென்ற பத்தாம் பயஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இனி எவனாவது ராஜாவின் தடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் சபைநீக்கம் என்று விதி எழுதியது.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு மாதிரி. எட்டாம் ஹென்றி காலத்து ஏற்பாடு இது: பேராலயக் குருக்களே, சுதந்திரமாக ஆயரைத் தேர்ந்தெடுங்கள் என்று அரசர் அனுமதி அனுப்புவார். கூடவே, இன்னாரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இன்னொரு கடிதமும் வரும்!

இன்றைய போப் தேர்தலில் வாக்குச்சீட்டில் பெயர் எழுதும்போது கையெழுத்து அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுத வேண்டும், தெரியுமா? எண்ணிய சீட்டுகளை ஊசி நூலில் கோத்துக் கட்டி எரிப்பார்கள். 80 வயது தாண்டிய கர்தினாலுக்கு ஓட்டு கிடையாது. 2025 மே மாதம் 133 பேர் சேர்ந்து பதினான்காம் லியோவை இரண்டே நாளில் தேர்ந்தெடுத்தார்கள்.

ரட்சணிய சேனையின் கதை இன்னும் விசேஷம்! அடுத்த ஜெனரல் யார் என்று எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்துவிட்டுப் போவார் நடப்பு ஜெனரல். சேனையைத் தொடங்கிய வில்லியம் பூத் அப்படித்தான் தன் மகன் பிராம்வெல்லை நியமித்தார். 1929இல் உயர் மன்றம் கூடி, நோயில் கிடந்த பிராம்வெல்லை வாக்கெடுப்பில் இறக்கியது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. உறை வழக்கமும் ஒழிந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்: திருவுளச்சீட்டு. யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். அது வேத புத்தகத்தோடு முடிந்துபோன சங்கதி என்று நினைக்கிறீர்களா?

2012 நவம்பர் 4, கெய்ரோ. எகிப்தின் காப்டிக் திருச்சபை. தலைமைப் பதவிக்குச் சுமார் 2,400 வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு மூன்று பேரை முன்னிறுத்தியாகிவிட்டது. மூன்று பெயர்களையும் ஒரே அளவுச் சீட்டுகளில் எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, சிவப்பு அரக்கு முத்திரை வைத்துப் பீடத்தின் மேல் வைத்தார்கள். வழிபாடு முடிந்ததும் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தான். தவாத்ரோஸ்! மிச்சம் இரண்டு சீட்டுகளையும் பிரித்துக் காட்டினார்கள், மூன்றிலும் ஒரே பெயர் இல்லை என்று நிரூபிக்க. தெரியுமா, அன்றைக்கு அவருக்கு 60ஆவது பிறந்தநாள்! குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஞாபகம் வருகிறதா? அங்கேயும் குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தவன் சிறுவன்தான்.

செர்பியாவிலும் இதே முறை. ஆயர்கள் ஓட்டுப் போட்டு மூன்று பேரைத் தேர்வார்கள். மூன்று உறைகளில் ஒன்றை ஒரு துறவி எடுப்பார். கம்யூனிஸ்ட் அரசு தன் ஆளை நுழைத்துவிடக் கூடாது என்று வந்த ஏற்பாடு. 2021இல் மறைமுதுவர் பொர்ஃபிரியே அப்படித்தான் வந்தார்.

அமெரிக்காவின் ஆமிஷ் மக்களிடம் போனால் மூச்சே நின்றுவிடும். சபையார் ஒவ்வொருவராக வந்து, கதவோரம் நிற்பவரின் காதில் ஒரு பெயரை முணுமுணுப்பார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பரிந்துரை பெற்றவர்கள் மேசை முன் வரிசையாக உட்கார வேண்டும். மேசையில் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். ஒன்றுக்குள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. எவர் கையில் அது வருகிறதோ அவருக்கு அங்கேயே, அப்போதே குருத்துவம்! சம்பளம் கிடையாது, இறையியல் படிப்பு கிடையாது, ஆயுசுக்கும் வேலை. மறுக்கவும் முடியாது, ஞானஸ்நானத்தின்போதே வாக்குக் கொடுத்தாயிற்று. சீட்டு வந்த வீட்டில் அழுகைதான் கேட்கும் என்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) பேராயரை நியமிக்கத் திருமண்டலப் பெருமன்றம் ஓட்டுப் போட்டுச் சில பெயர்களை அனுப்பும்; அவற்றில் ஒன்றைச் சினாடு தேர்வுக் குழு எடுக்கும். ஏட்டில் அழகான முறைதான்! ஆனால் தென்மாவட்டங்களில் திருமண்டலத் தேர்தல் என்றால் அணிகள், துண்டறிக்கைகள், வாசலில் போலீஸ், பிறகு கோர்ட் வழக்கு. தேர்தலை நடத்தித்தர ஓய்வுபெற்ற நீதிபதி வரவேண்டியிருந்த திருமண்டலமும் உண்டு. என் யோசனை இதுதான்: ஓட்டை எடுத்துவிட வேண்டாம், கடைசிப் படியில் மட்டும் திருவுளச்சீட்டு வையுங்கள். மூன்று பேருக்கும் சம வாய்ப்பு என்றால் முதலிடத்துக்கு எவர் காசைக் கொட்டுவார்? மூன்றுக்குள் வரவும் செலவழிப்பார்களே என்றால், செலவழிப்பார்கள்தான். ஆனால் போட்ட பணம் திரும்புமா என்பது அப்புறம் ஒரு சின்னப் பையன் கையில்!

ஓட்டில் மூன்றாமிடம் வந்தவர் ஜெயித்துவிட்டால் அநியாயம் இல்லையா என்பீர்கள். ஜெயித்திருக்கிறார்! 1917 நவம்பர், மாஸ்கோ. போல்ஷெவிக்குகள் கிரெம்ளினைப் பீரங்கியால் அடித்து முடித்த சூடு ஆறவில்லை. ரஷ்யத் திருச்சபை இருநூறு வருஷத்துக்கு முன் இழந்த மறைமுதுவர் பதவியை மறுபடி நிரப்ப மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தது. ஓட்டுச் சுற்றுகளில் முதலில் தேர்வானவர் அந்தோணி, அடுத்து அர்செனி, கடைசியில் தீகோன். வயதான துறவி அலெக்ஸி எடுத்த சீட்டில் இருந்தது தீகோனின் பெயர். அந்தோணி பிற்பாடு நாட்டை விட்டு வெளியேறி, 1936இல் யுகோஸ்லாவியாவில் காலமானார். தீகோன் ரஷ்யாவிலேயே இருந்து போல்ஷெவிக்குகளின் காவலில் அடைபட்டார். 1925இல் மாஸ்கோவில் இறந்தார். 1989இல், சோவியத் ஆட்சி முடியும் முன்பே, ரஷ்யத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.